குதிரை இல்லாத நான்கு நிமிடம்

குதைசியில் நான் ரொட்டி சுடுகிறவள்.
மண் அடுப்பின் உள்சுவரில் மாவை அறைந்த பிறகு
கடிகாரம் பார்ப்பதில்லை.
ரொட்டி சுவரை விட்டு விலகும் கணம்
முழங்கை ரோமத்துக்குத் தெரியும்.
கொக்கி தானாகப் போகும்.

சதுரங்கத்தில் அப்படி இல்லை.

பிப்ரவரி. ஸெஸ்தபோனி ரயில்வே மன்றம்.
ஒரு ஹீட்டர், பன்னிரண்டு பலகை,
கோட்டைக் கழற்றாத பெண்கள்.
எதிரே லமாரா, பல் மருத்துவர்.
அடுத்தவர் முறையிலும்
பலகையை விட்டுக் கண் எடுக்காதவள்.

பதினோராவது நகர்த்தலில்
என் சிப்பாய் ஓரடி எடுத்து வைக்க,
அவள் ராஜாவுக்குக் காவல் நின்ற குதிரை
எழுந்து உள்ளே போனது.
அவ்வளவுதான்.
கூடத்தில் யாரும் திரும்பவில்லை.
எனக்கு மட்டும் காது சுட்டது.

மந்திரியைக் கொடு, ராஜா தின்னட்டும்.
குதிரை பாயட்டும், பின்னாலேயே ராணி.
கை மேஜை விளிம்பு வரை வந்தும்விட்டது.

போன வருஷம் இதே கூடத்தில்
இதே பலியை ஒரு நகர்த்தல் முந்திக் கொடுத்து
பத்தொன்பதாவதில் சுருண்டேன்.
"வேகுமுன்னே கொக்கி போட்டாள் ட்சியூரி"
என்று மெக்வலா சிரித்தாள்.
அந்தச் சிரிப்பு இப்போது வந்து
மணிக்கட்டைப் பிடித்தது.

நான்கு நிமிடம்.
பிறகு யானையை நடுவே நகர்த்தினேன்.
இன்னும் ஒரே ஒரு தயாரிப்பு.
யாரும் குறை சொல்ல முடியாத நகர்த்தல்.
குறை அதுதான்.

லமாரா யோசிக்கவே இல்லை.
போன குதிரை பின்வரிசை வழியாக வந்து
ராஜாவின் தோளோரம் ஒட்டி நின்றது,
சந்தைக்குப் போனவள் பால் பொங்குவது நினைவு வந்து
ஓடி வந்த மாதிரி.

அதன் பிறகு ஐம்பத்தெட்டு வரை இழுத்து,
இரண்டு ராஜாக்கள் மட்டும் மிஞ்சி,
கைகுலுக்கினோம்.

கடைசி மினிபஸ்ஸில்
பக்கத்து இருக்கை அவளுக்கே வாய்த்தது.
லோபியானியைப் பிட்டுப் பாதி நீட்டினாள். ஆறியிருந்தது.
"அந்த நான்கு நிமிடம்
என் கால் நடுங்கியது, தெரியுமா?"
தெரியாது. மேஜைக்கு மேலே
அவள் முகம் பஞ்சு போல இருந்தது.

காந்தப் பலகையை மடியில் விரித்தேன்.
மந்திரி. ராஜா. குதிரை.
"இப்போது நீ ஓடிப் பதுங்குவாய்," என்றேன்.
"பதுங்க மாட்டேன்," என்றாள்.
ராஜாவைப் பின்னால் இழுக்காமல்
பனிக்குள் இறங்குவதுபோல்
ஓரடி முன்னால் வைத்தாள்.

இதை நான் பார்க்கவே இல்லை.

அப்படியானால் விட்டது நல்லதா?
ராணியை இந்தப் பக்கம் வைத்துப் பார்த்தேன்.
அவள் உதட்டைக் கடித்தாள்.
அந்தப் பக்கம் வைத்தேன்.
"ம்," என்றாள், "அது வலிக்கும்."
கொஞ்ச நேரம் கழித்து, "இல்லை, வலிக்காது."

வண்டி ஒரு வளைவில் குலுங்க
சிப்பாய் ஒன்று இருக்கைக்கடியில் உருண்டது.
குனிந்து இருவரும் தேடினோம்.
ஓட்டுநர் விளக்கை அணைத்துவிட்டார்.

நாளை நாலு மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டும்.