இரண்டு பச்சைமுத்து

ஒன்-நார்த், ஏழாம் மாடி.
திரையில் சிவப்பாக ஒரு வரி:
உன் ஸ்கீமா ஈரடியாக இருக்கிறது.

நான் எழுதியது இவ்வளவுதான்.
முதலில் ஒரு பெயர், வந்தாலும் வரலாம், தந்தையுடையது.
அடுத்து ஒரு பெயர், கட்டாயம், ஆளுடையது.
இரண்டுக்கும் ஒரே டேக்.

ஒரே ஒரு பெயர் வந்தால் யாருடையது?
ஹுவெய் ஷான் கேட்கிறாள், வாயில் பாதி காயா ரொட்டி.
ஆளுடையதுதான், கடைசிவரை படித்தால் தெரியுமே.
அது கடைசிவரை படிக்காது, என்கிறாள்.

வினைமுற்று வரும்வரை
வாக்கியத்தை மடியில் வைத்துக் காத்திருக்கும்
மொழிக்காரி நான்.
வந்தானா, வரவில்லையா, வருவதாகச் சொன்னானா,
கடைசி அசையில்தான் அவிழும்.
பார்சருக்கு அந்தப் பொறுமை கிடையாது.
தட்டியவுடன் கேட்கும்:
நீ எந்த வரியின் ஆள்?
பின்னால் வருவது யாரென்று எட்டிப் பார்க்க
அதற்குக் கழுத்தில்லை.
சிலேடைக்குச் சிரிக்காது.

போன மாதம் ஈசூன் பலதுறை மருந்தகம்.
எனக்கும் அப்பாவுக்கும் ஒரே நாளில் சளிக்காய்ச்சல் ஊசி.
"பச்சைமுத்து" என்றாள் தாதி.
இருவரும் எழுந்தோம்.
எங்களைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள்,
மறுபடி எங்களை.
அப்பா உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.
அப்புறம் யாருமே எழவில்லை.
வரிசை எண் என் கையில்தான் இருந்தது, கசங்கி.

அடையாள அட்டையில் என் பெயருக்கும் அவர் பெயருக்கும் நடுவே
மகள் என்று சொல்ல இரண்டு எழுத்து, ஒரு சாய்கோடு.
எத்தனை படிவங்கள் அந்தக் கோட்டைத் தின்றிருக்கின்றன!

திருப்பிப் போடு, என்றாள் ஹுவெய் ஷான்.
கட்டாயம் முன்னே, விருப்பம் பின்னே.
போட்டேன். சிவப்பு போயிற்று.
ஆனால் இரண்டு பெயர் வரும்போது
முன்னால் நிற்பவர் அப்பா.
அவரையே நானென்று எழுதிக்கொள்ளும்,
ஒரு எச்சரிக்கையும் இல்லாமல்.

அழித்தேன்.
தந்தைபெயர். தன்பெயர்.
தனித்தனி டேக், தனித்தனி வாசல்.
மேலாளர் கேட்டுச் சேர்த்த
'இங்கே எதுவும் வரலாம்' வரியையும் எடுத்துவிட்டேன்.
அது பக்கத்தில் நின்றால்
வருகிற எல்லோரையும் தன் ஆள் என்று சொல்லும்.

பச்சை விளக்கு. மணி ஏழரை.

கைபேசியில் அப்பா:
பச்சைமுத்து பெயருக்கு ஒரு பார்சல் வந்திருக்கிறது,
உனக்கா எனக்கா?

பிரித்துப் பாருங்கள், என்றேன்.