இரண்டாம் பூச்சு

நுஸ்கி கேட்காமல் எடுத்துப் போனான்.
முனையில் அலை அவனைப் புரட்டி
முழங்காலை முருகைக்கல்லில் தேய்த்துவிட்டுப் போனது.
காலுக்கு ஒன்றுமில்லை. வெட்சூட் கிழிந்தது.
கால் கிழிந்திருந்தால் தானாக ஆறியிருக்கும் என்று
அன்றைக்கு நான் சொன்னது
நல்ல பேச்சில்லைதான்.
பதினொரு நாளாகிறது.

இந்தச் சூட்டுக் கடலுக்கு ரப்பர் சட்டை எதற்கு என்று
உல்லைச் சந்தியில் கேட்கிறவர்களுக்கு
சொறி என்பேன், வெயில் என்பேன்,
மணிக்கட்டு வரைக்கும் கை, கணுக்கால் வரைக்கும் கால்,
உம்மாவுக்கும் சம்மதம் என்பேன்.
சுபஹு தொழுத கையோடு இறங்கி
இரண்டு மணி நேரம் அலைக்குக் காத்திருந்தவர்கள்
கேட்பதில்லை.

கழுத்துப் பட்டியின் உள்ளே
முன்னம் உடுத்தவளின் பேர்.
மை போய், மூன்று எழுத்துத்தான் மிச்சம்.
பயணப் பையில் இடமில்லையென்று தந்தாள்.
எனக்கு இடுப்பில் ஒரு விரல் தொளதொளப்பு.
அந்த ஒரு விரலில் கடல் குடியிருக்கும்.

முதலில் கிணற்றுத் தண்ணீர், மூன்று தரம்.
உப்பிருந்தால் பசை பிடிக்காது.
மறுகா உள்ளை வெளியாகப் புரட்டி நிழலில்.
மறுகா பல்புக்குக் கீழே நீட்டி இழுத்து
பிறை தேடுகிறேன்.

நகம் பட்ட இடமெல்லாம் பிறைதான் விழும்,
அவசரத்தில் இழுத்த ஒவ்வொரு பெருவிரலுக்கும் ஒன்று.
இடது தொடையில் நாலு. தோளில் ஒன்று.
இருபத்தொன்பதாம் பின்னேரம்
கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
ஊரே மேற்கே பார்த்து நிற்குமே, அந்தக் கண்ணோடு.
இதில் இரண்டு என் நகம். வைத்து அளந்தேன்.
நுஸ்கியிடம் சொல்லத் தேவையில்லை.

சைக்கிள் டியூபுக்குப் பூசுகிற பசை உதவாது,
காய்ந்தால் விறைக்கும், வளைந்தால் பிளக்கும்.
போன வருடம் கண்டது.
இது கொழும்பால் வந்த கறுத்தப் பசை.
விலையை உம்மாவிடம் பாதியாகச் சொன்னேன்.

பிளேட்டால் ஓரத்தைச் சீவி
தீக்குச்சியால் இரண்டு உதட்டிலும் மெல்லிசாய் ஒரு பூச்சு.
ஈரத்தோடு சேர்த்தால் சேராது.
இந்தப் பக்கம் தனியே, அந்தப் பக்கம் தனியே
வாயைத் திறந்துகொண்டு கிடக்க வேணும்.
புறங்கை வைத்தால் இழுக்குது, ஆனால் ஒட்டுதில்லை
என்கிற பதத்தில் இரண்டாம் பூச்சு.
திரும்பவும் பத்து நிமிடம்.

அதற்குள்தான்
கதவுச் சீலையை விலக்கிக்கொண்டு வந்தான்.
"ராத்தா, என்ன மணக்குது" என்று கேட்கிற முகம்,
ஆனால் கேட்கவில்லை.
குனிந்து, விரலை நீட்டி

"தொடாதே."

பதினொரு நாளில் முதல் சொல்.

விரலை மடக்கிக்கொண்டான். போகவில்லை.
"இன்னும் எவ்வளவு?"
"ஏழு நிமிஷம்."
ஏழு நிமிஷமும் இரண்டு பேரும்
உள்ளே கால் இல்லாத ஒரு முழங்காலைப்
பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு தரம்தான் சேர்க்கலாம். கோணினால் கோணினதுதான்.
எனக்கு மூன்று கை வேண்டியிருந்தது.
"அந்தத் தொங்கலைப் பிடி."
பிடித்தான். நகம் வெட்டியிருந்தான்.
அவன் கீழிருந்து, நான் மேலிருந்து,
விரல் விரலாய் அமத்திக்கொண்டு வந்து
நடுவில் பெருவிரல்கள் முட்டின.

மறுகா ஊசி. ரப்பரின் பாதி ஆழம் மட்டும்,
மற்றப் பக்கம் எட்டிப் பார்த்தால் தையலே ஓட்டை.
நூல் கோத்துத் தந்தான்.
சிப்புக்கு மெழுகுதிரி தேய்த்தான்,
அதையும் கேட்காமல்தான்.
கோதுமை மா டின்னைப் பாரம் வைத்து
ஒரு நாள் கிடக்கவிட்டோம்.

வெள்ளி விடிய இறங்கினேன்.
கரையில் நுஸ்கி,
பரீட்சை முடிவுக்கு நிற்கிறவன் மாதிரி.
முழங்கால் வரைக்கும் தண்ணீர். உள்ளே ஒன்றுமில்லை.
தொடை. நாலு பிறையும் மூடித்தான் இருந்தன.
பலகையில் படுத்துக் கை வலித்தேன்.

மூன்றாம் வலிப்பில்
இடது கக்கத்தடியில்
நூல் பருமனில் ஒரு குளிர்,
யாரும் தேடாத இடத்தால் நுழைந்து
விலா வழியே இடுப்புக்கு இறங்கியது.

திரும்பிக் கத்தினேன்:
"டியூபில் மிச்சம் இருக்கா?"

அலைச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை.
தன் முழங்காலைத் தொட்டுக் காட்டி
பெருவிரலை உயர்த்தினான்.