கணக்கப்பிள்ளைக்கு ஒரு கொப்பு

நகம் வெட்டப் போய்
ஒரு மயிரிழை கூடிவிட்டது.
நகத்துக்குள்ளும் நரம்பு ஓடுமென்று
எனக்கு யார் சொன்னது?
பதினெட்டு வருசம் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை,
மழைக்குள்ளும் சாய்வு பிசகாமல் வெட்டுகிற கை,
ஒரு கிளியின் பின்விரலில் தோற்றது.
ரொட்டிக்கு எடுத்து வைத்த கோதுமை மாவை அள்ளி
சகாயமேரி அமுக்கிப் பிடித்தாள்.
ரத்தம் நின்றது.
அன்று முழுக்க அவன்
என் பக்கம் திரும்பவே இல்லை.

கணக்கப்பிள்ளை என்று பெயர் வைத்தது
லயத்துப் பிள்ளைகள்.
காற்றில் முறிந்த சவுக்கு மரத்துப் பொந்திலிருந்து
இறகு முளைக்காமல் வந்தவன்.
கொழுந்து நிறுக்கிற மடுவத்துப் பக்கம் வளர்ந்து
முதன்முதலாகப் பேசியது:
"ரெண்டு கிலோ கொற."

நகம் திரும்பவும் வளர்ந்தது.
தோளில் ஏறினால் கம்பளிச் சட்டையில் மாட்டிக்கொண்டு
இறங்கத் தெரியாமல் தொங்குவான்.
கூட்டில் நான் போட்டிருந்தது
விளக்குமாற்றுக் கட்டை.
ஒரே பருமன், ஒரே வழுவழுப்பு.
அதில் எது தேயும்?

ஹட்டனில் நிஸாம்தீன் நானா கடையில்
ரோஸ் நிறத்தில் சீமெந்துக் கம்பு இருந்தது.
கம்புக்கு மாட்டுகிற மணல்தாள் உறையும் இருந்தது.
"இத மட்டும் எடுக்காதீங்க,
நகத்த விட்டுப்போட்டு உள்ளங்கால உரிச்சிரும்"
என்றார், விற்க வைத்திருந்தவரே.
சீமெந்தும் தூங்குகிற இடத்தில் கூடாதாம்.
தீனிக் கோப்பைக்கு முன்னால்,
வந்து போகிற இடத்தில் போதுமாம்.
விலை கேட்டேன்.
ஒரு நாள் பேர் போய்விடும்.
பஸ் ஏறிவிட்டேன்.

"நா எப்ப நகம் வெட்டுனேன்?"
ராத்திரி சகாயமேரி
பெருவிரலை பல்புக்கு நேரே பிடித்துக் கேட்டாள்.
கல்யாணமாகிப் பதினோரு வருசம்,
அப்போதுதான் பார்த்தேன்.
கறை ஏறி, ஓரம் தேய்ந்து,
அரம் போட்டு ராவினதுபோல.
"கொழுந்துக் காம்பே தேய்ச்சிருது.
அதுக்குன்னு தனியா ஒக்காருறதில்ல."

கொய்யாக் கொப்பு ஒன்று ஒடித்துப் போட்டேன்.
ரெண்டே நாளில் பட்டையை உரித்துத் தின்றுவிட்டு
வெள்ளைக் குச்சியில் உட்கார்ந்து என்னைப் பார்த்தான்.
தேயிலைதான் சரி: வைரம், முடிச்சு, சொரசொரப்பு.
ஆனால் வேலை நடக்கிற மலையெல்லாம் மருந்தடித்த மலை.
அதனால் ஏழாம் நம்பருக்குப் போனேன்.
தோட்டம் கைவிட்டுக் காடாகி
புலி குட்டி போட்டிருப்பதாகச் சொல்கிற மலை.
ஆள் உயரத்துக்கு மேலே போய்
மரமென்றே தன்னை நினைத்துக்கொண்ட தேயிலை.

எல்லாச் செடியையும் ஒரே மட்டத்துக்கு இறக்கச்
சம்பளம் வாங்குகிறவன்
அன்றைக்குக் கோணலைத் தேடினேன்.
ஒரு முனை என் பெருவிரல் பருமன்,
மறுமுனை அதில் பாதி,
நடுவில் முழங்கை மாதிரி ஒரு முடிச்சு.
விரல்கள் சுற்றி வளைக்க வேண்டும்,
நுனியோடு நுனி முட்டக் கூடாது.
அவன் காலை மனதில் வைத்துக்கொண்டு
என் கையால் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன்.
மூன்று அட்டை ஏறியது. புலி வரவில்லை.

கொதிதண்ணீர் ஊற்றி, பட்டையோடு
அடுப்புக்கு மேலே காயவைத்து,
தீனிக் கோப்பைக்கு ஏறுகிற வழியில் சரிவாகக் கட்டினேன்.
முதல் நாள் கூட்டுக் கம்பியில் தொங்கியே தின்றான்.
ரெண்டாம் நாள் முடிச்சைக் கடித்தான்.
மூன்றாம் நாள்
நான் பீட்டுக்குப் போயிருந்தபோது ஏறினானாம்.

ஒரு மாதம் ஆகிறது.
தோளில் இப்போது நூல் மாட்டுவதில்லை.
நான் வெட்டிய அந்த ஒரு நகம் மட்டும்
கொஞ்சம் திரும்பித்தான் வளர்கிறது.
அதற்குக் கொப்பு என்ன செய்யும்?
காலையில் கூட்டுக்கடியில்
பட்டைத் தூளும் வேறு ஏதோ மெல்லிய பொடியும்.
சகாயமேரி கூட்டி முறத்தில் அள்ளினாள்.
மேலேயிருந்து எட்டிப் பார்த்து,
ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல்,
"ரெண்டு கிலோ கொற" என்றான்.
அவள் முறத்தை அவன் முகத்துக்கு நேரே தூக்கி
"நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றாள்.