உள்ளூர் விலை

கன்னியாவில் ரிக்கற் கிழிக்கிற பொடியன்
என் காலைத்தான் முதலில் பார்த்தான்.
செருப்பு காட்டிக்கொடுத்துவிட்டது.
"வெளிநாடோ அக்கா?"
பலகையில் இரண்டு விலை.
அவன் பேனா பெரியதில் போய் நின்றது.

உவர்மலை என்றேன்.
உவர்மலையில் எவடம் என்றான்.
தண்ணீர்த் தாங்கிக்குப் பின்பக்கம்.
எந்தத் தாங்கி?
அவன் கேட்டதில் குத்தல் இல்லை,
ஊரில் ஒரு தாங்கி கூடியிருக்கலாம்,
பத்தொன்பது வருசத்தில்.
அதற்குள் மகள் என் கையை இழுத்து
சூரிச் டொச்சில் ஏதோ சொல்ல
வரிசை முழுக்க என் செருப்பைப் பார்த்தது.

பெரிய விலையையே கொடுத்தேன்.

லீவுப் படிவத்தில் காரணம் கேட்டிருந்தார்கள்.
கடல் என்று எழுதினேன்.
பதினாறு நாள் தந்தார்கள், உடனே,
வெயில் கிரீம் மறவாதே என்ற சிரிப்போடு.
மூன்று வருசத்துக்கு முதல்
அப்பா என்று எழுதிக் கொடுத்தபோது
ஆள் இல்லை, அடுத்த மாதம் பார்ப்போம் என்றவர்களும்
அவர்கள்தான்.
நல்ல மனிதர்கள். பூங்கொத்து அனுப்பினார்கள்.

அப்பாவுக்குச் சீனக்குடா மாவாலையில் வேலை.
எவ்வளவு கழுவினாலும்
காதுமடலின் பின்னால் வெள்ளை இருக்கும்.
ஏழு கிணறும் ஏழு சூடு,
இளஞ்சூட்டில் தொடங்க வேணும் என்று
வாளியில் விரல் விட்டுப் பார்த்து வரிசை சொல்லுவார்.
கிணறுகள் வந்த கதை
வாசல் பலகையில் ஒன்று,
அவர் சொன்னது இன்னொன்று.
மகளுக்கு இரண்டையும் சொன்னேன்.
அவளுக்கு வெப்பமானி வேண்டுமாம்.

முப்பத்தோராம் நாள்
அண்ணன் இங்கேதான் வந்து குளித்தான்.
யாரோ போனைப் பிடித்திருந்தார்கள்,
பாதித் திரையில் பெருவிரல்,
மீதியில் அண்ணனின் நனைந்த முதுகு.
நான் வேலைத்தளத்துக் கழிவறையில்
குந்தியிருந்து பார்த்தேன்.
முதல் கிணறு.
இரண்டாவது.
மூன்றாவதில் வாளி உயர்ந்தபடியே
படம் உறைந்துபோனது.
பிறகு எடுக்க நேரமில்லை,
இடைவேளை முடிந்திருந்தது.

"முதல் இதுதானே?" என்றாள் மகள்,
ஒன்றாம் கிணற்றடியில் வாளியோடு.
நீ அதிலிருந்து வா என்றேன்.
நான் நான்காவதில் தொடங்கினேன்.
சூடு சட்டென்று உச்சியில் இறங்க
மூச்சு ஒருமுறை நின்று வந்தது.
ஐந்து. ஆறு. ஏழு.
யாரும் கவனிக்கவில்லை.
கண்டியிலிருந்து வந்த குடும்பமொன்று
கிணறுகளை எண்ணிச் சரிபார்த்துக்கொண்டிருந்தது.

வெளியே வர, அதே பொடியன்
கதிரையை விட்டு எழும்பாமல் சொன்னான்:
"தலையை வடிவாத் துடையுங்கோ அக்கா,
தடிமன் பிடிக்கும்."
அதற்கு அவன் காசு கேட்கவில்லை.

ஓட்டோக்காரர் கேட்டார்.
உப்புவெளிக்கு மூவாயிரத்தைந்நூறு.
நான் ஆயிரத்தில் தொடங்கினேன்.