பதினோராவது கேள்வி

அடிவாரம் வருவதற்குள் மாதேசு
என் மடியில் ரெண்டு தடவை வாந்தி எடுத்திருந்தான்.
ஈரப் பாவாடையோடு
சேலம் பெரியாஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தோம்,
அம்மா, அவன், நான்.

கண்ணாடி போட்ட அக்கா படிவத்தை விரித்தாள்.
எந்த மாதம் பிறந்தான்?
பிறந்ததும் அழுதானா?
எடை எவ்வளவு?
அம்மா எல்லாவற்றுக்கும்
காப்பித் தோட்டத்துக் கணக்கிலேயே பதில் சொன்னாள்.
பூ மழைக்கு முந்தி.
அழுதான், ஆனா மெல்ல.
எடையா, பழக்கூடையில கால்வாசி இருப்பான்.

அக்கா எழுதாமல் பேனாவைத் தட்டினாள்.
அப்புறம் அவன் முதுகுக்குப் பின்னால் போய்
ஒரு மணியை ஆட்டினாள்.
இடது பக்கம் ஆட்டியதும் திரும்பினான்.
வலது பக்கம் ஆட்டியபோது
சுவரில் ஒட்டியிருந்த யானையையே
பார்த்துக்கொண்டிருந்தான்.

காதில் சீழ் வந்திருக்கா?
வந்தது, மார்கழிக்கு மார்கழி.
எண்ணெய் காய்ச்சி விட்டது நான்தான்.
அதைச் சொல்லவில்லை.

பதினோராவது கேள்வி:
பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர்?
அம்மா என் பக்கம் கை நீட்டினாள்,
கடையில் சாமான் காட்டுவது போல.
இவளா! அப்போ உனக்கு என்ன வயசு?
எட்டு.
மூணாங்கிளாஸ் பாதி.
தாய், தந்தை, மற்றவர் என்று
மூன்று கட்டம் அச்சடித்திருந்தது.
மூன்றாவதில் ஒரு டிக்.

அவன்கிட்ட பேசுவியாம்மா?

யோசித்தேன்.
குளிப்பாட்டினேன்.
சத்துமாவு உருட்டிக் கொடுத்தேன்.
அட்டை ஏறினால் உப்பு வைத்தேன்.
லைன் வீட்டுக்குப் பின்னால் காட்டெருமை நின்ற அன்று
கதவைச் சாத்தி
அவன் வாயைப் பொத்தி உட்கார்ந்திருந்தேன்,
சாயங்காலச் சங்கு ஊதும் வரை.
பேசினேனா?
என்னிடம் யார் பேசினார்கள்,
அதில் மிச்சம் பிடித்து
இவனுக்குக் கொடுக்க?

அவள் எழுதியதை எட்டிப் பார்த்தேன்.
'தூண்டுதல் குறைவு.'
முதலில் அதைத் தூண்டில் என்று படித்துவிட்டேன்.

வெளியே அம்மா
ஒரே ஒரு தட்டுவடை செட் வாங்கினாள்.
அவன் சட்னியை மட்டும் நக்கினான்.
பீட்ரூட் துருவல் என் விரலில் ஒட்டிக்கொண்டு
ஊர் வரைக்கும் சிவப்பாகவே இருந்தது.

சொட்டு மருந்து, சீட்டு,
அடுத்த மாசம் ரெண்டாம் செவ்வாய் மறுபடி.

மலை ஏறும் பஸ்ஸில்
அவனுடைய இடது காதுப் பக்கம் மாறி உட்கார்ந்தேன்.
ஒண்ணாவது வளைவு, என்றேன்.
ரெண்டாவது. குரங்கு பாரு, குட்டியோட.
மூணாவது.
என்ன சொல்வதென்று தெரியாமல்
டிக்கெட்டில் இருந்த நம்பரைப் படித்தேன்.
முன் சீட்டு ஆள் திரும்பிப் பார்த்தார்.
மாதேசு என் வாயையே பார்த்தான்,
உள்ளே ஏதோ ஒளித்து வைத்திருப்பது போல.

ஏழாவதில் அம்மாவைக் கேட்டேன்:
நான் எப்பம்மா நடந்தேன்?

அம்மா ஜன்னலுக்கு வெளியே
கொஞ்ச நேரம் தேடினாள்.
யாரு கண்டா.
பழம் பறிச்சிட்டுத் திரும்பிப் பாத்தேன்,
நின்னுட்டிருந்த.

எட்டாவது வளைவு, என்றேன்,
கொஞ்சம் சத்தமாக.