இடது ஷூ

விடிந்தால் பள்ளிக்கூடம்.
புது ஷூவைக் கழற்றமாட்டேன் என்று
அதோடுதான் ஏற்காடு ஏறினான் மோனிஷ்.

பத்தாவது வளைவில் தாரிகாவுக்கு வாந்தி.
எண்ணிக்கை விட்டுப்போச்சு,
அடிவாரத்திலிருந்து திரும்பப் போகணும் என்று அழுகை.
"பதினொண்ணு" என்றார் இவர்,
குத்துமதிப்பாக.

ஏரியில் பெடல் மிதித்தது
நாங்கள் இரண்டு பேரும்தான்.
மூச்சுவாங்கி நடுவில் நின்றபோது
மழை பிடித்துக்கொண்டது.
கரையேறும் அவசரத்தில் அவனுக்கு
ஒரு கால் தண்ணீருக்குள்.
அதற்கும் சிரிப்பு.

இறங்கும்போது தாரிகா தூங்கிவிட்டாள்.
அவளுக்காக நான் எண்ணினேன்.
பத்தொன்பதுதான் வந்தது.
சொல்லவில்லை.

இரவு, அஸ்தம்பட்டி வீட்டில்
ஷூவுக்குள் பழைய பேப்பரைத் திணித்து
ஃபிரிட்ஜுக்குப் பின்னால் சாய்த்தேன்.
காலையிலும் ஈரம்.

பரவாயில்லம்மா என்று மாட்டிக்கொண்டு
கேட்டுக்குள் போகிறான்:
சளக், டொக்,
சளக், டொக்.