ஒரு கல் குறைவு

படிவத்தில் இரண்டே கட்டங்கள்.
நிரந்தரச் சுவர். தற்காலிகச் சுவர்.
எதில் குறி இடுவது என்று
குடுகு நகரத்து வங்கியில்
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள்
போகோ இல்பூடோ.

"மண்தானே?" என்கிறார் கடன் அதிகாரி நோவாகா.
மண்தான்.
செம்புரை மண் பன்னிரண்டு கூடை,
சிமெண்ட் ஒரு கூடை,
பிடித்தால் உருண்டையாகி
விட்டால் உதிர்கிற அளவுக்குத் தண்ணீர்.
அப்புறம், இரும்பு அச்சின் நெம்புகோலில்
இரண்டு பெண்களின் முழு எடை.
சூளை கிடையாது.
சூளைக்கு வெட்ட இனி மரமும் கிடையாது.

சொல்லிப் பார்த்தாள்.
பிறகு பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து
தோள் உயரத்திலிருந்து விட்டாள்.
வங்கியின் தரை ஓடு விரிந்தது.
கல்லுக்கு ஒன்றுமில்லை.

நோவாகா சிரிக்கவில்லை.
"தகரக் கூரை, சிமெண்ட் சுவர் என்றால்
நாளைக்கே கையெழுத்து.
நீங்கள் தவணை கட்டாவிட்டால்
நான் இதை யாரிடம் விற்பேன், சொல்லுங்கள்?"
நியாயம்தான்.
அவர் வீடும் தகரம்.
ஏப்ரல் இரவுகளில் பாயை வெளியே இழுத்துப் போட்டு
மகளின் முதுகில் ஈரத்துணி விரிக்கிறவர்தான்.
அதைப் பற்றிப் படிவத்தில் கேள்வி இல்லை.

இரண்டு கட்டங்களுக்கும் நடுவே
கோணலாக ஒரு கட்டம் வரைந்தாள்.
அதில் குறி இட்டாள்.
ஒன்பது கிலோவை மறுபடி சைக்கிளில் ஏற்ற மனமில்லாமல்
கல்லை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

கடன் வரவில்லை.
சீட்டுப் பணத்தில் ஓர் அறை எழுந்தது.
எண்ணித்தான் அடித்திருந்தாள்;
மேற்குச் சுவரில், கூரைக்கு இரண்டு வரிசை கீழே,
ஒரு கல் குறைந்தது.
அச்சு இயந்திரம் அதற்குள்
வரிசையில் அடுத்தவளிடம் போயிருந்தது.

வங்கியில் அந்தக் கல்
கதவுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது.
மின்சாரம் போன ஒரு மதியம்
கதவைச் சாத்தக் குனிந்த நோவாகா
அதன் மேல் வைத்த கையை
உடனே எடுக்கவில்லை.
அவ்வளவுதான். வேறொன்றும் நடக்கவில்லை.
படிவம் இன்னும் அதே படிவம்.

இங்கே அந்தச் சின்னச் சதுரம் வழியாக
அடுப்புப் புகை வெளியே போகிறது,
பொழுது சாய்ந்ததும் காற்று உள்ளே வருகிறது.
பூசிவிடலாமே என்கிறான் கொழுந்தன்.
இருக்கட்டும் என்கிறாள்.
ஆகஸ்டில் சாரல் சாய்ந்தடிக்கும்.
அப்போதைக்கு
ஒரு பழைய பாவாடை போதும்.